தண்டவாளம் போனாலும் கரை இருக்கும்

ஒரு ரயில் பாதையை மூடினால் முதலில் காணாமல் போவது தண்டவாளம். எஃகுக்கு எப்போதும் விலை உண்டு. ஏலம் எடுத்தவர் லாரியோடு வந்து நிற்பார். அடுத்து ஸ்லீப்பர் கட்டைகள். மரக்கட்டையாக இருந்தால் அக்கம்பக்கத்து வீடுகளில் நிலைப்படியாகவும் மாட்டுக்கொட்டகைத் தூணாகவும் மாறிவிடும். பிறகு ஜல்லி. பாலங்களின் மேலிருக்கும் இரும்பு கர்டர்களையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவ்வளவும் போன பிறகும் மிஞ்சுவது மண்கரை. ஆயிரக்கணக்கான கூலியாட்கள் கூடை கூடையாகக் கொட்டி மிதித்து உயர்த்திய கரையை அவ்வளவு சுலபத்தில் யாரும் அள்ளிக்கொண்டு போக முடியாது.

நான் ரயில்வேயில் பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பி.டபிள்யூ.ஐ., அதாவது பாதை ஆய்வாளர் என்பார்கள். கேங்மேன்களோடு வெயிலில் நடப்பதும், தண்டவாளம் நெளிந்திருக்கிறதா, ஜல்லி சரிந்திருக்கிறதா, மதகில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்ப்பதும்தான் உத்தியோகம். ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் என்று போவார்கள். எனக்கு நடக்கிற பழக்கம் விடவில்லை. ரயில் ஓடும் பாதையில் இனி நான் நடக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். அதனால் ரயில் ஓடாத பாதைகளைத் தேடிப் போக ஆரம்பித்தேன்.

கைவிட்ட பாதையைக் கண்டுபிடிப்பதற்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது, திடீர்த் திருப்பமும் ஆகாது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. பாரத்தை எளிதாக இழுக்க முடிவது அதனால்தான். மேட்டில் ஏற முடியாமல் வழுக்குவதும் அதனால்தான். நூறு அடிக்கு ஓர் அடி உயர்ந்தாலே சரக்கு ரயில் மூச்சு வாங்கும். நீலகிரி மலை ரயில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிறது என்றால், நடுவில் பற்சட்டம் போட்டு, பற்சக்கரத்தால் பிடித்து ஏற்றுவதால்தான். ஆகவே ரயில் பாதை போடுகிறவர் மேட்டைக் கண்டால் வெட்டுவார், பள்ளத்தைக் கண்டால் தூர்ப்பார். வண்டிப்பாதை வயல் வரப்பைச் சுற்றிக்கொண்டு சட்டென்று மடங்கும். ரயில் கரை அப்படி மடங்காது. நெடுந்தூரம் நேராகப் போய், பெரிய வட்டத்தின் ஒரு துண்டைப் போல மெல்ல வளையும். காட்டுக்குள்ளேயோ ஊருக்குள்ளேயோ அப்படியொரு வளைவைப் பார்த்தால் சந்தேகப்படலாம்.

இன்னொரு அடையாளம், கரையின் இரண்டு பக்கமும் தொடர்ந்து வரும் பள்ளங்கள். கரைக்கு வேண்டிய மண்ணைத் தூரத்திலிருந்து கொண்டுவர மாட்டார்கள். பக்கத்திலேயே தோண்டிக் கொட்டுவார்கள். அந்தப் பள்ளங்கள் பிறகு குட்டைகளாகிக் கோரையும் அல்லியும் முளைத்துக் கிடக்கும். வருவாய்த் துறையின் கிராம வரைபடம் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். சதுரமும் செவ்வகமுமான புலங்களை அறுத்துக்கொண்டு, ஒரே அகலத்தில் ஒரு நீளப்பட்டை ஊருக்கு ஊர் போய்க்கொண்டிருக்கும். ரயில்வே நிலம் அது. தண்டவாளம் போய்ப் பல பத்தாண்டுகள் ஆனாலும் காகிதத்தில் அந்தப் பட்டை அப்படியே இருக்கும்.

தரங்கம்பாடிக்குப் போன ரயில்

பழகிக்கொள்ள நல்ல இடம் காவிரிக் கடைமடை. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் மீட்டர்கேஜ் பாதை திறந்தார்கள். டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டிய கடற்கரை ஊர் அதன் கடைசி நிலையம். வழியில் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறவர்களும், சந்தைக்கு மூட்டை ஏற்றுகிறவர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாக ஓடிய ரயில், 1986இல் நின்றது. வருமானம் கட்டவில்லை என்பது காரணம். அதற்குள் அதே ஊர்களைத் தொட்டுக்கொண்டு பேருந்துகள் வந்துவிட்டன.

அந்தப் பக்கம் பழைய ஆட்களிடம் "ஸ்டேஷன் எங்கே இருந்தது?" என்று கேட்டால் யோசிப்பார்கள். "ரயிலடி எங்கே?" என்று கேட்டால் உடனே கை நீட்டுவார்கள். ஒரு வயலோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என் கேள்விக்குக் கரையையே தடியால் தட்டிக் காட்டினார்.

"இதோ, இதுல நிக்கிறீங்களே சார், இதான். எங்கப்பா வண்டி சத்தத்தை வெச்சுத்தான் வயல்லேர்ந்து கரையேறுவாரு. கடியாரமா இருந்திச்சு எங்களுக்கு."

"வண்டி நின்னதும் யாரும் கேட்கலையா?"

"கேட்டோம், கேட்டோம். பஸ்ஸுல ஏறிட்டுத்தான் கேட்டோம்."

டெல்டாவில் ரயில் கரையைவிட அதன் குறுக்கே போகும் தண்ணீர்தான் பெரிய விஷயம். சில நூறு அடிக்கு ஒரு வாய்க்கால் வரும். ஒவ்வொன்றுக்கும் மதகோ சிறு பாலமோ கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கரை அணையாக மாறி, மேல்பக்கத்து வயலை மூழ்கடித்துக் கீழ்ப்பக்கத்து வயலைக் காயப்போடும். கர்டர்கள் இல்லாத இந்தப் பாலங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது இரண்டு பக்கத்து முட்டுச்சுவர்கள். செங்கல்லும் சுண்ணாம்பும். சுவரின் முகத்தில் வரிசையாகச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். கரைக்குள் ஊறும் மழைநீர் வெளியேறாவிட்டால் மண் ஊதிச் சுவரைத் தள்ளிவிடும் என்பதற்காக. பக்கங்களில் விரிந்த இறக்கைச் சுவர்கள், மண் சரிந்து வாய்க்காலில் விழாமல் தடுப்பதற்கு. மேலே எதுவும் இல்லாதபோதுதான் ஒரு பாலத்தின் இந்த அடிவேலை தெளிவாகத் தெரியும். ரயில் ஓடிக்கொண்டிருந்த பாலங்களில் நான் இதையெல்லாம் குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

போருக்குப் போன தண்டவாளங்கள்

தரங்கம்பாடி ரயிலை நஷ்டம் நிறுத்தியது என்றால், தருமபுரி ரயிலைப் போர் நிறுத்தியது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசேர்க்க வழி வேண்டும் என்ற எண்ணத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வறண்ட பகுதிகளுக்குச் சிக்கனமான குறுகிய பாதைகள் போட்டார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒன்று, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒன்று. இரண்டாவது பிறகு ஓசூர் வரை நீண்டது. தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி இரண்டரை அடி. இன்றைய அகலப்பாதை ஐந்தரை அடி என்றால் அளவு புரியும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. இங்கிலாந்திலிருந்து எஃகு வருவது குறைந்தது. படைகளுக்குத் தண்டவாளம் தேவைப்பட்டது. வருமானம் குறைந்த பாதைகளைப் பட்டியல் போட்டுப் பெயர்த்தார்கள். 1941இல் தருமபுரிப் பாதை போனது. மதுரை–போடிநாயக்கனூர் பாதையும் அந்தப் போரில் தண்டவாளத்தை இழந்தது. ஆனால் போடிக்கு 1950களில் ரயில் திரும்பி வந்தது, தருமபுரி ரயில் திரும்பவில்லை. ஒரே போர், ஒரே காரணம், இரண்டு வெவ்வேறு முடிவுகள். பழைய பாதைகளில் நடக்க நடக்க இந்த வித்தியாசம்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

மூணாற்றில் ஒரு ரயில்

மூணாறுக்குச் சுற்றுலா போகிறவர்களிடம் "இங்கே ரயில் ஓடியது" என்றால் நம்ப மாட்டார்கள். ஓடியது. தேயிலைத் தோட்டங்களில் விளைந்ததைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அப்போது வசதியான வழி மேற்கே இல்லை. கிழக்கே, நம் போடிநாயக்கனூர் பக்கம் இருந்தது. மூணாற்றிலிருந்து மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறிய சக்கரங்கள் தண்டவாளத்தில் ஓடும், பாரமெல்லாம் அவற்றின் மேல். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு, வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுத்தவை மாடுகள். பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடியதும் இதே முறைதான். அந்த வண்டியை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் உண்மையான ரயில் பாதையே போட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அது. டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை இறக்கி, கம்பி வடத்தில் தொங்கவிட்டு, ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டி, போடி வரை. சுமை இறங்கியது அந்த வழியில். தோட்டத்துக்கு ஆட்கள் ஏறியதும் அந்த மலைப்பக்கம் வழியாகத்தான். மூணாறு தோட்டங்களில் இன்றும் லயன் வீடுகளில் தமிழ் கேட்பதற்கு இந்தக் கிழக்கு வழியும் ஒரு காரணம்.

1924 ஜூலையில் பெய்த மழை அதை முடித்துவைத்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பார்கள். மலை சரிந்தது, பாலங்கள் போயின, தண்டவாளம் பள்ளத்தாக்கில் தொங்கியது. மறுபடியும் போடவில்லை. சில ஆண்டுகளில், 1931இல், நேரியமங்கலம் வழியாக ஆலுவாவுக்குப் புதுச் சாலை திறந்ததும் மூணாற்றின் முகம் கொச்சிப் பக்கம் திரும்பிவிட்டது.

இன்று மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த ரயில் போன போக்கிலேயே போகிறார்கள். கார் ஓட்டுகிறவர்கள் கவனித்துப் பார்க்கலாம்: மலைச் சாலைக்கு இருக்க வேண்டிய கொண்டை ஊசி வளைவுகள் இதில் அதிகம் இல்லை. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, ஏறுவதே தெரியாமல் ஏறும். மூணாறு ரயில் நிலையமாக இருந்த கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது. மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில், குரங்கணிக்கு மேலே ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்று ஒரு சிறு குடியிருப்பு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அங்கே ரயிலைத் தேடிச் சிரிப்பார்கள்.

குரங்கணியிலிருந்து மேலே ஏறும் காட்டுப்பாதையில் யாரும் அனுமதி இல்லாமல் ஏற வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதை பழையது என்பதற்காகக் காடு நமக்கு இளகாது. வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம். கோடையில் போகவே கூடாது.

ஒரே இரவு, இரண்டு முடிவுகள்

தனுஷ்கோடியைப் பற்றிச் சொல்லாமல் தமிழில் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் ரயிலேறினால் தனுஷ்கோடித் துறை வரை போகலாம். அங்கே கப்பல் மாறித் தலைமன்னார், அங்கே மறுபடி ரயிலேறிக் கொழும்பு. போட் மெயில் என்று பெயர். வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் போனார்கள். மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்துக்கொண்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழைகள் அவர்களைவிடப் பல மடங்கு போனார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட தனுஷ்கோடி பாசஞ்சர் ஊர் போய்ச் சேரவில்லை. பயணிகளும் ஊழியர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோரோடு கடல் அதை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையம், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் சுவர்களாயின. அதே இரவில் பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126இன் கர்டர்கள் கடலுக்குள் விழுந்தன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் கண் மட்டும் நின்றது.

இனி நடந்ததைக் கவனியுங்கள். பாலத்தை ஆறு மாதத்தில் சரிசெய்ய வேண்டும் என்று திட்டம் போட்டு, பிறகு அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பு, அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனிடம் வந்தது. கடலடியில் கிடந்த கர்டர்களையே தூக்கியெடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். 46 நாளில் ரயில் ஓடியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரம் இருந்தது, அத்தனை யாத்ரீகர்கள் இருந்தார்கள். தனுஷ்கோடியையோ மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பாம்பனிலிருந்து அங்கே போன பாதையைத் திரும்பப் போடவில்லை. பாலத்தை எழுப்பிய அதே கைகளுக்கு மணலில் தண்டவாளம் போடுவது பெரிய காரியமாக இருந்திருக்காது. போடுவதில்லை என்று முடிவு செய்தார்கள், அவ்வளவுதான்.

தனுஷ்கோடிக்கு இன்று கார் போகிறது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தபின் கூட்டம் அதிகம். எல்லோரும் தேவாலயச் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ரயில் நிலையத்தின் இடிபாடும் தண்ணீர்த் தொட்டியும் இருக்குமிடத்தில் கூட்டம் குறைவு. தொட்டி என்பது நீராவி இஞ்சின் இருந்த ஊர் என்பதற்கான கையெழுத்து. இஞ்சினுக்குக் கரியைவிட நல்ல தண்ணீர் அவசரம். உப்புக் காற்றுக்கும் உப்புக் கடலுக்கும் நடுவே அந்தத் தண்ணீரைச் சேர்த்து வைப்பது தனிப் பாடு.

நேரெதிர்க் கரையையும் சொல்ல வேண்டும். தலைமன்னார் ரயில் புயலில் போகவில்லை. இலங்கைப் போரில் 1990இல் நின்றது. தண்டவாளமும் நிலையங்களும் அழிந்தன. போர் முடிந்தபின் இந்திய நிறுவனம் ஒன்று பாதையை மீண்டும் அமைத்துக் கொடுத்தது. 2015இலிருந்து தலைமன்னாருக்கு ரயில் வருகிறது. நீரிணையின் ஒரு கரையில் பாதை உயிரோடு இருக்கிறது, மறுகரையில் இல்லை.

பழைய பாம்பன் பாலத்தையும் கடைசியில் புயல் நிறுத்தவில்லை. உப்புக் காற்று நூறாண்டு அரித்ததில் 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. பக்கத்திலேயே 72.5 மீட்டர் நீளத் துண்டு செங்குத்தாக மேலே எழும் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. பழைய பாலத்தின் இரண்டு இலைகளையும் ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். புதியதை மோட்டார் தூக்குகிறது. ஷெர்சர் கண் திறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இலையின் அடி வளைவாக இருந்தது. அது கீல் போட்ட கதவு மாதிரித் திறக்கவில்லை. வளைந்த அடியின் மேல் பின்னோக்கி உருண்டு எழுந்தது. பாரமும் எதிர்ப்பாரமும் சமமாக இருந்ததால்தான் மனிதக் கையே அதற்குப் போதுமானதாக இருந்தது.

போகிறவர்களுக்கு

வயலோரக் கரையில் பாம்பு உண்டு. பாழடைந்த மதகுக்குள் கை விடாதீர்கள். முட்டுச்சுவர் மேல் ஏறி நிற்காதீர்கள், சுண்ணாம்பு கரைந்த சுவர் எப்போது விடும் என்று சொல்ல முடியாது. கிடக்கிற இரும்பைத் தொடாதீர்கள். ஒரு போல்ட்டாக இருந்தாலும் ரயில்வே சொத்து ரயில்வே சொத்துதான். கரையோரத்தில் வீடு கட்டியிருப்பவர்களிடம் பேசும்போது கையில் வரைபடத்தை விரிக்காதீர்கள். அளக்க வந்த ஆபீசர் என்று நினைத்துப் பயப்படுவார்கள். முதலில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள், ரயிலைப் பற்றி அவர்களே சொல்வார்கள்.

நிலம் போய்விடுமோ என்ற அந்தப் பயத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயமும் இருக்கிறது. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியன்பள்ளி மீட்டர்கேஜ் பாதையில் 2004இல் ரயில் நின்றது. வேதாரண்யம் பக்கத்து மக்கள் இனி வராது என்றுதான் நினைத்தார்கள். 2023இல் அகலப்பாதையாக அது திரும்பியது. இடைப்பட்ட காலமெல்லாம் நிலம் ரயில்வேயின் கையில் இருந்தது, அதனால் முடிந்தது. மொரப்பூர்–தருமபுரி பாதைக்கு 2019இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் 1941க்குப் பிறகு பழைய கரையின் மேல் ஊரே எழுந்துவிட்டது. புது வழி பார்த்து, புது நிலம் எடுத்தாக வேண்டும். அதில் வருடக்கணக்காகப் போகிறது. கரையில் குடியேறியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கேட்பாரற்றுக் கிடந்த மேட்டில், வெள்ளம் ஏறாத இடத்தில், வீடில்லாதவன் குடிசை போடத்தான் செய்வான்.

வெள்ளத்துக்கும் புயலுக்கும் போருக்கும் பிறகு பாதைகள் திரும்பி வந்திருக்கின்றன. திரும்பாதவை, யாரோ மேசையில் உட்கார்ந்து வேண்டாம் என்று எழுதியதால் திரும்பாதவை. அந்த முடிவு சில சமயம் சரியாகவும் இருந்திருக்கும். தனுஷ்கோடியில் மறுபடி ஊரைக் குடியேற்றாதது நல்லதுதான் என்று எனக்கே தோன்றியிருக்கிறது. ஆனால் ரயிலை நிறுத்துவது வேறு, பாதையின் நிலத்தைக் கைவிடுவது வேறு. முதல் முடிவைப் பிள்ளைகள் மாற்றிக்கொள்ளலாம், இரண்டாவதை மாற்ற அவர்கள் பெரும் விலை கொடுக்க வேண்டும். ரயில் லாபமாக ஓடாவிட்டால் ஓட்ட வேண்டாம். அந்த நீளப்பட்டையில் சைக்கிள் ஓடட்டும், ஆட்கள் நடக்கட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகட்டும். மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதையை மீண்டும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது ரயிலை அல்ல. அந்தக் கரை எங்கெங்கே முழுசாக இருக்கிறது, எங்கெங்கே அறுந்திருக்கிறது என்ற கணக்கை. அதை எடுக்கப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். கிராம வரைபடம் ஒன்றும், நடக்கத் தெரிந்த நாலு பேரும் போதும்.